இறக்கம் தேடும் பிக்கப்

1. நெடுங்கேணியில் ஒரு கல்யாண மண்டபத்து முற்றத்தில் எங்கள் டீசல் பிக்கப் ஸ்டார்ட் ஆகவில்லை.
2. மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் தள்ளினார்கள். பாரத்தைக் குறைக்க அம்மாவை இறங்கச் சொன்னார்கள். இறங்கியவர், சும்மா நிற்க வெட்கப்பட்டு, பட்டுச் சேலையோடு தானும் ஒரு கை கொடுத்தார்.
3. கல்யாண வீடியோவில் அந்தக் காட்சி நான்கு நிமிடம், பாட்டோடு வந்தது.
4. வீடியோவைப் பார்த்த அன்று, இனி அந்த வாகனத்தில் ஏறுவதில்லை என்று அம்மா சொன்னார்.
5. அன்றிலிருந்து நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அப்பா பிக்கப்பிலும் அம்மா பஸ்ஸிலும் போய்ச் சேர்ந்தார்கள்.
6. நான் பிக்கப்பின் கேபிள்களை மாற்றி, ஒரு பற்றரி இருந்த வாகனத்தில் இரண்டு புதிய பற்றரிகளைப் பூட்டினேன்.
7. மூன்றாம் நாள் காலை அது "டிக்" என்றது. அவ்வளவுதான்.

ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் எடுத்தது. ஆனால் ஐந்திலிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும்.

அம்மா சொன்னால் சொன்னதுதான். செத்தவீட்டு அந்தியேட்டிக்குப் போனாலும் பஸ், பிறந்தநாளுக்குப் போனாலும் பஸ். திரும்பி வரும்போது உருத்திரபுரச் சந்தியில் இறங்கிக் குடையை விரித்துக்கொண்டு வாய்க்கால் கரையால் நடப்பார். அப்பா அவருக்குப் பக்கத்தில் முதலாம் கியரில் பிக்கப்பை உருட்டிக்கொண்டு வருவார். "ஏறுமன்" என்பார். அம்மா குடையை அந்தப் பக்கம் சரித்துப் பிடிப்பார். வீடு வரைக்கும் இப்படியே ஒரு ஊர்வலம். வயலில் நிற்பவர்கள் மண்வெட்டியை ஊன்றிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். உறவினர்கள் அதைவிட ஒரு படி மேலே போய், இரண்டு பேரும் கதைப்பதில்லையாம் என்று தொலைபேசியில் எங்களையே விசாரித்தார்கள்.

கதைக்காமல் இல்லை. நிறையக் கதைத்தார்கள். எல்லாம் பிக்கப்பைப் பற்றி.

அப்பா பிக்கப்பின் முன் இருக்கையில் எதையும் வைப்பதில்லை. பின்னால் யூரியா மூட்டைகள் பிதுங்கி நின்றாலும், வழியில் கைகாட்டி மூன்று பேர் ஏறினாலும், அந்த இருக்கை வெறுமையாக இருக்கும். காலையில் கண்ணாடியைத் துடைக்கும் துணியால் அதையும் ஒருமுறை துடைப்பார். இதை அவர் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

எங்கள் ஊர் நீர்ப்பாசனத்துக்காக மட்டம் பார்த்து வெட்டிய ஊர். காணிகள் எல்லாம் மேசைபோல இருக்கும். இது நெல்லுக்கு நல்லது. தள்ளி ஸ்டார்ட் பண்ணும் வாகனத்துக்குக் கெட்டது. ஆகவே அப்பா இறக்கங்களைச் சேகரித்து வைத்திருந்தார். வீட்டில் நிற்கும்போது வாய்க்கால் கட்டு. கிளிநொச்சிக்குப் போனால் ரயில் கடவைக்கு அருகே ஒரு சரிவு. ஆஸ்பத்திரிக்குப் போனால் பின்பக்கத்து மதகு. இறக்கமே இல்லாத இடங்களில் எஞ்சினை நிறுத்துவதில்லை. யாரையாவது உள்ளே அனுப்பிவிட்டு அவர் வாகனத்திலேயே இருப்பார். நெடுங்கேணியிலும் ஒரு இறக்கத்தைப் பார்த்து வைத்திருந்தாராம். போய்ச் சேர்ந்தபோது அதில் மாப்பிள்ளை வீட்டு பஸ் நின்றது.

வாய்க்கால் கட்டின் அடியில், மதகுக்குப் பக்கத்தில், ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. கடைக்காரர் மலையகத்திலிருந்து வந்து இங்கே காணி செய்பவர். வயல் வேலை இல்லாத நேரம் கடை. பிக்கப் உருளத் தொடங்கினால் அவர் கேட்காமலேயே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். கடையில் இருப்பவர்களும் கிளாஸை வைத்துவிட்டு வருவார்கள். தள்ளி முடிந்ததும் அப்பா எல்லோருக்கும் தேத்தண்ணி சொல்ல வேண்டும். வாகனத்தைத் திருத்தப்போகிறேன் என்று நான் சொன்னதும் கடைக்காரர்தான் முதலில் கவலைப்பட்டார்.

"வண்டி நல்லாயிட்டா காலையில என் கடைக்கு யாரு தங்கச்சி வருவாங்க?"

நான் சூரிய சக்தியில் ஓடும் நீர்ப்பம்பிகளைத் தோட்டங்களில் பூட்டிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். மின்னியல் படித்தவள். வீட்டில் ஒரு வாகனம் வருடக்கணக்காகத் தள்ளப்படுவதைப் பார்த்துக்கொண்டு, ஊரார் பம்பிகளைத் திருத்தப் போய்க்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். என்னை அசைத்தது செட்டிகுளத்திலிருந்து வந்த கல்யாணக் கார்ட். சித்தியின், அதாவது அம்மாவின் தங்கையின், மகளுக்குக் கல்யாணம். பலகாரம் அம்மாவின் பொறுப்பு: பயத்தம் உருண்டை ஒரு தகரம், முறுக்கு ஒரு தகரம், கொக்கிஸ் ஒரு தகரம். இங்கிருந்து கிளிநொச்சி, கிளிநொச்சியிலிருந்து வவுனியா, வவுனியாவிலிருந்து செட்டிகுளம் என்று மூன்று பஸ். தொட்டால் நொறுங்கும் கொக்கிஸ் மூன்று பஸ் தாங்காது.

"தகரங்கள் உங்கட வாகனத்தில போகட்டும்," என்றார் அம்மா. "நான் பஸ்ஸில வாறன்."

"பலகாரம் முன் சீற்றில, நீர் பஸ்ஸிலயோ?" என்றார் அப்பா. "சனம் என்ன சொல்லும்?"

"பலகாரத்தை இறங்கித் தள்ளச் சொல்லி ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

கல்யாணத்துக்கு இரண்டு வாரத்துக்கு முன் நான் பொனட்டைத் திறந்து பார்த்தேன். குளிர் நாட்டுக்கென்று செய்த வாகனம் அது. இரண்டு பற்றரிகள் பக்கத்துக்கு ஒன்றாக வைக்கும்படி இரண்டு தட்டுகள் உண்டு. முந்திய சொந்தக்காரர் யாரோ ஒன்றைக் கழற்றிவிட்டார். வெறுமையான தட்டில் அப்பா ஒரு கயிறும், தண்ணீர்ப் போத்தலும், வாகனம் உருளாமல் சில்லுக்கு அண்டை கொடுக்கும் இரண்டு கருங்கற்களும் வைத்திருந்தார். மற்றத் தட்டில் இருந்த பற்றரியின் கேபிள்கள் என் சின்ன விரலை விட மெல்லியவை. நுனியில் பச்சை பூத்திருந்தது. பற்றரியின் ஈயக் கொம்பு தேய்ந்து, அதைக் கவ்வும் கிளாம்ப் தளர்ந்து, இடைவெளியைப் பால்மாப் பேணியில் வெட்டிய தகரத் துண்டாலும் செப்புக் கம்பியாலும் அடைத்திருந்தது. கொம்பு ஏன் இவ்வளவு தேய்ந்தது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. பழசு என்று எழுதிக்கொண்டேன்.

மீற்றரை வைத்து, அப்பாவை ஸ்டார்ட் பண்ணத் திறப்பைத் திருப்பச் சொன்னேன். பற்றரியில் இருந்த வோல்ற்றில் கால்வாசிக்கும் கூடிய பங்கு ஸ்டார்ட்டர் மோட்டருக்குப் போய்ச் சேரவே இல்லை.

"பற்றரி பழுதோ?" என்றார் அப்பா.

"பற்றரியும் கிழடுதான். ஆனா வழியிலதான் கூட நட்டம். தலைவாய்க்காலில தண்ணி விட்டாலும் கடைசிக் காணிக்குப் போகேல்லை எண்டு வையுங்கோ."

அப்பா முகம் தெளிந்தது. கமக்காரரின் தண்ணீர்க் கூட்டத்தில் இருபது வருடமாக இதைத்தான் கதைக்கிறார்.

"அப்ப வாய்க்காலை அகட்ட வேணும்."

"ஓம். அகட்டி, ரெண்டு குளத்தில இருந்து தண்ணி விடுவம்."

கிளிநொச்சியில் பற்றரிக் கடைக்காரருக்கு நான் கேட்டது விளங்கவில்லை. விளங்கியபின் பிடிக்கவில்லை.

"ரெண்டு எதுக்குத் தங்கச்சி? லொறி பற்றரி ஒண்டு தாறன், வாழ்நாளுக்கும் காணும். இல்லாட்டி அப்பாவை ஒருக்கா வரச் சொல்லுங்கோ."

"அப்பா வந்தாலும் என்னைத்தான் கேப்பார் அண்ணை. ரெண்டும் ஒரே அளவு, ஒரே கொம்பனி, ஒரே மாதம் செய்ததா இருக்கவேணும்."

"ஒரே மாதமோ? கலியாணப் பொருத்தமே பாக்கிறியள்?"

"கலியாணத்துக்கு வயசு வித்தியாசம் பரவாயில்லை. இதுக்குப் பாக்கோணும். கிழட்டுப் பற்றரியையும் புதுப் பற்றரியையும் சேர்த்துக் கட்டினா, கிழடு புதுசைக் குடிச்சுப்போடும்."

அவர் பின்னறைக்குப் போய் நீண்ட நேரம் பெட்டிகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. ஒரு சோடியோடு வந்தார். கேபிளுக்கு நான் ஹார்ட்வெயார் கடையில் வெல்டிங் கேபிள் வாங்கினேன்: பெருவிரல் மொத்தம், உள்ளே தலைமயிர் போல மெல்லிய செப்புக் கம்பிகள். நுனிகளில் செப்புக் காதுகளை வைத்து அழுத்தும் இடுக்கியை வேலையிடத்தில் கையெழுத்து வைத்து இரவல் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்தேன். பற்றரிகளிலிருந்து ஸ்டார்ட்டருக்கு ஒன்று, எஞ்சின் உடலுக்கு ஒன்று, எஞ்சினிலிருந்து சட்டத்துக்கு ஒன்று, இரண்டு பற்றரிகளையும் இணைக்க இரண்டு. ஒவ்வொன்றையும் பூட்டியதும் கொப்பியில் சரி போட்டேன். அப்பா பக்கத்தில் கற்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, இதை எங்க வைக்கிறது?"

"இனித் தேவையில்லை அப்பா. அது உங்கட இறக்கத்துக்கு வைக்கிற கல்லு."

தலையாட்டிவிட்டு, நான் குனிந்த நேரம் பார்த்து வெறுமையான முன் இருக்கைக்குக் கீழே வைத்தார்.

பிக்கப்பை முற்றத்தில், மாமரத்தடியில், மட்டமான நிலத்தில் நிறுத்தினோம். திறப்பைத் திருப்பினேன். பழைய முனகல் இல்லை. திருப்பியதும் எஞ்சின் ஓடியது. அப்பா குசினிப் பக்கம் பார்த்தார். அம்மா பயத்தம் மாவுக் கையோடு வாசலுக்கு வந்தார்.

"ஒருக்கா வந்தா காணாது. மூண்டு நாள். மூண்டு காலமை. மட்டத்தில நிக்கவேணும். முதல் திருப்பில வரவேணும். ஒருத்தற்ற கையும் படக்கூடாது. அதுக்குப் பிறகு யோசிக்கிறன்."

"யோசிக்கிறீரோ, ஏறுறீரோ?"

"முதல் அது யோசிக்காம ஸ்டார்ட் வரட்டும்."

ஞாயிறும் திங்களும் இரவில் வாகனத் திறப்பை நான்தான் வைத்திருந்தேன். காலையில் முதல் அளவை நானே எடுக்க வேண்டும் என்று. திங்கள் காலை முதல் திருப்பில் வந்தது. செவ்வாய் காலையும் வந்தது. தேத்தண்ணிக் கடைக்காரர் மதகடியில் நின்று இரண்டு நாளும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். செவ்வாய் மத்தியானம் அம்மா அலுமாரியைத் திறந்து, நெடுங்கேணிக்குக் கட்டிய அதே பட்டுச் சேலையை எடுத்து வெயிலில் போட்டிருந்ததாக அப்பா என்னிடம் இரகசியமாகச் சொன்னார். அன்று எனக்கு முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பம்பி வேலை. திறப்பை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். பொழுதுபட வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

புதன் காலை அம்மா வாசற்படியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா இருக்கையில். நான் கொப்பியோடு. திறப்பைத் திருப்பினார்.

டிக்.

இன்னொரு முறை. டிக்.

வாய்க்கால் பக்கத்திலிருந்து ஓடிவரும் சத்தம் கேட்டது. கடைக்காரர், அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர், எல்லோருடைய சாரமும் மடித்தபடி.

"என்னா அண்ணே, தள்ளிருவமா?"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அவர் மறைக்கவே இல்லை. அம்மா திரும்பிக் குசினிக்குள் போனார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் தொடாதேங்கோ," என்றேன். அவர்கள் வேலியோரம் குந்திக்கொண்டார்கள். ஒருவர் போய்த் தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

கொப்பியில் புதுப் பக்கம் எடுத்துப் பத்து இலக்கம் போட்டேன். விளக்குகள் எரிகின்றனவா? எரிகின்றன. பற்றரிகளில் வோல்ற்? நிறைய இருக்கிறது. ஸ்டார்ட்டரில் கேபிள் நுனி இறுக்கமா? இறுக்கம். எஞ்சின் உடலில்? சட்டத்தில்? இறுக்கம். அப்படியானால் நான் அழுத்திய காதுகளில் ஒன்றுதான் பிழையாகியிருக்க வேண்டும். முதலாவதாக அழுத்தியதில் எனக்கு ஏற்கனவே ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது. அதன் மேல் உறையை வெட்டிப் பார்த்தேன். அழகாக இருந்தது. இரண்டாவதையும் வெட்டினேன். அதுவும் அழகு. நல்ல வேலையை நானே வெட்டி நாசமாக்கிக்கொண்டிருந்தேன்.

வேலியோரத்திலிருந்து விமர்சனம் வந்தது.

"படிச்ச புள்ள. எங்க போனாலும் வெட்டித்தான் பாக்கும்."

"பழைய கேபிள் தள்ளுனா வரும். இது தள்ளுனாலும் வராது போல."

பத்தாவது இலக்கம் பற்றரிக் கிளாம்ப். அதைக் கடைசியில் போட்டதற்குக் காரணம், அவற்றை நானே என் கையால் பத்தாம் நம்பர் ஸ்பனர் போட்டு இறுக்கியிருந்ததுதான். இப்போது கையை வைத்தேன். மெலிந்த கையில் வளையல் சுற்றுவது போல அது சுற்றியது. மற்றப் பற்றரிக்குப் போனேன். அதுவும் சுற்றியது.

"அப்பா," என்றேன். "நேற்று பொனட்டைத் திறந்தனீங்களோ?"

"ஓம். ஏன்?"

"என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை. பின்னேரம் ஏர்த்துக் கிளாம்பைக் கழட்டி வைச்சன், காலமை கொளுவினன். ஒவ்வொரு நாளும் செய்யிறதுதானே."

"ஒவ்வொரு நாளுமோ?"

"வாங்கின நாளிலயிருந்து. இல்லாட்டி சார்ஜ் இறங்கிப்போகும். வேலை முடிஞ்சால் மாட்டையும் அவிட்டுத்தானே விடுறம். ஞாயிறும் திங்களும் திறப்பு உன்னட்ட இருந்தபடியா பொனட்டைத் திறக்கேலாமப் போச்சு." பிறகு, குறை சொல்லும் தொனியில்: "ஆனா நீ என்ன பிள்ளை, இவ்வளவு இறுக்கிப்போட்டாய்? ஸ்பனர் தேடித்தான் கழட்டினன். இப்ப ரெண்டு பற்றரி எண்டபடியா ரெண்டு மடங்கு வேலை."

"காலமை ஸ்பனர் போட்டு இறுக்கினீங்களோ?"

"கையால அமத்தி விட்டன். காணுந்தானே. லைற் எரிஞ்சது."

லைற் எரியும். லைற்றுக்குத் துளி காணும். ஸ்டார்ட்டருக்கு வாய்க்கால் நிறையப் போக வேண்டும். சண்டைக் காலத்தில் ஒரே ஒரு பற்றரியில் வானொலியும் விளக்கும் மாதக்கணக்காக ஓட்டியவர் அப்பா. அப்போது கழற்றி வைத்ததால் அது ஓடியது. அந்தப் பழக்கம் அப்படியே பிக்கப்புக்கு வந்துவிட்டது. மாலையில் கழற்றி, காலையில் அமத்தி, கொம்பு தேய்ந்து, தகரத் துண்டு வைத்து, ஸ்டார்ட் வராமல், இறக்கம் தேடி. வாகனத்தைத் தள்ள வைத்ததில் பாதி, சார்ஜ் இறங்காமல் இருக்கச் செய்த வேலை. மீதிப் பாதி உண்மையிலேயே கேபிள். அந்த மட்டில் நான் வீணாக வேலை செய்யவில்லை. ஆனால் வாகனத்தை அளந்த நான், அதை ஓட்டுபவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இரண்டு கிளாம்பையும் இறுக்கினேன். அப்பா திறப்பைத் திருப்பினார். முதல் திருப்பில் வந்தது. வேலியோரத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி சாரத்தை அவிழ்த்து விட்டார்கள்.

அம்மா குசினி யன்னலால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். வெளியே வந்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் நீங்கள் கழட்டி வைச்சதுக்கோ நான் இறங்கித் தள்ளினனான்?"

அப்பா எஞ்சின் சத்தத்தில் கேட்காததுபோல இருந்தார்.

"அது வாகனத்தின்ர பிழை இல்லையம்மா," என்றேன். "மூண்டாம் நாளைக் கணக்கில எடுக்கலாம்."

"எடுக்கேலாது. கை படக்கூடாது எண்டனான். பட்டது. ஒண்டிலயிருந்து திரும்பத் தொடங்கு." என் பக்கம் கையை நீட்டினார். "அந்த ஸ்பனரைத் தா."

அப்பா வைத்திருந்த பத்தாம் நம்பர் ஸ்பனரும் என்னுடையதும் அம்மாவின் கைப்பைக்குள் போயின. கல்யாணம் சனிக்கிழமை. வியாழன், வெள்ளி, சனி. மூன்றாவது காலை கல்யாணத்து அன்றே வந்தது.

வியாழன் வந்தது. வெள்ளி வந்தது. இரண்டு மாலையும் பொழுதுபடும் நேரம் அப்பா பொனட் பக்கம் போய், அதைச் சும்மா ஒருமுறை தடவிவிட்டுத் திரும்பினார். கைக்கு வேலை இல்லாமல் மாட்டை இரண்டு முறை தண்ணீருக்குக் கொண்டுபோனார்.

சனிக்கிழமை விடியவே அம்மா அதே பட்டுச் சேலையோடு வாசலில் நின்றார். தகரங்கள் மூன்றும் தரையில், ஏற்றாமல். பஸ்ஸுக்கான குடையும் கையில். கடைக்காரர் கேற்றடியில்.

"சும்மா பாக்கத்தான் வந்தேன் அக்கா."

அப்பா திறப்பைத் திருப்பினார். வந்தது. அம்மா ஒரு கணம் எஞ்சினைக் கேட்டுக்கொண்டு நின்றார். குடையை மடித்து என் கையில் தந்தார். முன் கதவைத் திறந்து, இருக்கையைக் கையால் தட்டிப் பார்த்து, ஏறி இருந்தார்.

"துடைச்சிருக்கு," என்றார் அப்பா.

"தெரியுது. வெளிக்கிடுங்கோ."

நான் பின்னால் பலகாரத்தோடு இருந்தேன். செட்டிகுளம் வரைக்கும் கொக்கிஸில் ஒன்றும் உடையவில்லை.

மண்டபத்தை அப்பா இரண்டு முறை சுற்றினார். மூன்றாவது முறை சுற்றத் தொடங்கியபோது அம்மா கேட்டார்: "என்ன தேடுறியள்?"

"ஒண்டுமில்லை. ஒரு வசதியான இடம்."

"மண்டப வாசலில மட்டமாத்தானே கிடக்கு. அதில விடுங்கோ. எல்லாரும் பாக்கிற மாதிரி."

விட்டார். எஞ்சினை நிறுத்தும்போது அவர் கை கொஞ்சம் தயங்கியது.

சாப்பாடெல்லாம் முடிந்து நாங்கள் புறப்படும்போது, யாரும் கூப்பிடாமல் பத்துப் பன்னிரண்டு பேர் வாகனத்துக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டியவர்கள், கைச்சங்கிலியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டவர்கள். நெடுங்கேணியில் வீடியோ எடுத்தவர்தான் இங்கும். அவரும் கமராவோடு வந்து ஒரு நல்ல கோணத்தில் நின்றார். சித்தி அம்மாவின் யன்னலடியில் வந்து, "அக்கா, நீ இறங்கி வா, சேலை பழுதாப்போகும்," என்றார்.

அம்மா முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தார். கைப்பை மடியில்.

அப்பா திறப்பைத் திருப்பினார். முதல் திருப்பு. பின்னால் கையை வைத்துத் தயாராக நின்ற ஒருவர் புகைக்குள் தடுமாறினார். அம்மா கண்ணாடியை இறக்கினார்.

"தம்பி, இதை வீடியோ எடுத்தனீங்களோ?"

"இல்லை அன்ரி. நீங்கள் இறங்குவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். கமரா ஓனில இல்லை."

திரும்பும் வழியில் வவுனியா தாண்டும் வரை அம்மா இதையே சொல்லிக்கொண்டு வந்தார். அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட்டினார். இன்னொருக்கா நிப்பாட்டி ஸ்டார்ட் பண்ணிக் காட்டவோ என்று கேட்டார். வேண்டாம், வீட்டை போவம் என்றார் அம்மா.

இப்போதைய நிலை: பிக்கப் முற்றத்தில் மாமரத்தடியில் மட்டத்தில் நிற்கிறது. நான் வெட்டிய உறைகளைத் திரும்பப் போட்டுவிட்டேன். காலையில் தேத்தண்ணிக் கடைக்கு அப்பா இப்போது நடந்து போகிறார். ஸ்பனர்கள் இரண்டும் அம்மாவின் கைப்பையில் இருக்கின்றன. எனக்குத் தேவையென்றால் கேட்டு வாங்க வேண்டும். கற்கள் இரண்டும் இன்னும் இருக்கைக்குக் கீழேதான். எங்கே போனாலும் அந்த இருக்கையில் இப்போது அம்மா இருக்கிறார்.